பகடி போலி அன்று

என் பழைய மாணவர் ஒருவர் ஓசூரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் காணொளித் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறார். திரைப்படத்தையும் செய்தி ஊடகத்தையும் நகையாடும் இணைய நகைச்சுவைக் குழுக்களைப் பற்றிய ஒரு தொடரின் தமிழ் வரிகளைச் சென்ற மாதம் தருமபுரிக்கு எனக்கு அனுப்பி, பிழை திருத்தித் தரும்படி கேட்டார். முதல் பக்கத்தில் "போலிச் செய்தி நிறுவனம்" என்றிருந்ததைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்தேன். அடுத்த பக்கத்தில் "போலிப் பாடல்" வந்தது. "போலிக் கணக்கு" வந்தபோது கையில் இருந்த சிவப்புப் பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

"தம்பி, இவர்கள் யாரையாவது ஏமாற்றிப் பணம் பறித்தார்களா?"

"இல்லீங்க ஐயா, பேரடின்னு வர இடத்துல எல்லாம் அப்படிப் போட்டேன். கலைச்சொல் பட்டியல்ல நையாண்டிப் போலின்னு இருந்துச்சு. வரி நீளுதுன்னு நையாண்டியை எடுத்துட்டேனுங்க."

அவரை நொந்து பயனில்லை. இரண்டு சொல்லில் எதை எடுத்தாலும் குற்றம்தான் என்னும்படி ஒரு கலைச்சொல்லை ஆக்கி வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பேரடி என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பகடி என்பதே பொருந்தும் என்பது என் கட்சி. அந்த ஆங்கிலச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பரா' என்றால் பக்கத்தில் அல்லது எதிரில். 'ஓடே' என்றால் பாட்டு. ஒரு பாட்டின் பக்கத்தில் நின்று, அதே மெட்டில், அதன் மானத்தை வாங்கும் இன்னொரு பாட்டைப் பாடுவது என்று கொள்ளலாம். தாசோஸ் தீவைச் சேர்ந்த எகெமோன் என்பவர் இவ்வகையில் முதலில் எழுதியவர் என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் குறிக்கிறார். இதோடு எப்போதும் சேர்த்துக் குழப்பப்படும் சட்டையர் என்ற சொல்லோ இலத்தீனில் பலவகைப் பண்டம் நிறைந்த தட்டைக் குறித்த 'சத்துரா'விலிருந்து வந்தது. ஆட்டுக்கால் கொண்ட கிரேக்க வனதேவதையின் பெயரோடு அதை முடிச்சுப் போட்டதைத் தவறென்று ஐசக் கசோபன் 1605இல் நிறுவினார். வேர் இவ்வளவு போதும். சொல் இன்று என்ன வேலை செய்கிறது என்பதுதான் மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டியது.

அந்த வேலையை விளக்க, என் மாணவர் சிக்கிக்கொண்ட இடமே போதும். அமெரிக்காவில் 1988இல் மாடிசன் நகரில் கற்பனைச் செய்திகளை எழுதும் நகைச்சுவை அச்சிதழாகத் தொடங்கிய 'தி ஆனியன்', 2014இல் 'கிளிக்ஹோல்' என்ற இன்னொரு தளத்தை நிறுவியது. "இந்த நடிகர் செய்த காரியத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்" என்ற வகைத் தலைப்புகளை நாமும் நாள்தோறும் கைப்பேசியில் காண்கிறோம் அல்லவா? அதே தலைப்பு, அதே வியப்புக்குறி, அதே பட்டியல், அதே ஆளுமைத் தேர்வு வினாக்கள், ஆனால் உள்ளே அறவே பொருளற்ற செய்தி என்று அமைத்து, சொடுக்குக்காக வாழும் ஊடகத்தின் நடையை அதன் நடையாலேயே நகைக்கு உரியதாக்குவது அந்தத் தளத்தின் வழக்கம். ஒரு வடிவத்தை எடுத்து, அதைப் போலவே செய்து, செய்கையாலேயே அதன் வெறுமையைக் காட்டுவது பேரடி. வடிவம் எதுவாக இருந்தாலும் ஒரு மனிதரின், அரசின், வழக்கத்தின் குற்றத்தை நகையோடு குத்திக் காட்டுவது சட்டையர். இரண்டும் ஒரே கட்டுரையில் சேர்ந்து வரலாம், பெரும்பாலும் வருகின்றன. சேர்ந்து வருவதால் இரண்டும் ஒன்றாகிவிடா. அதே நிறுவனத்தின் கீழ்ப் பல்லாண்டு இயங்கிய 'ஏ.வி. கிளப்' என்ற பிரிவு திரைப்படங்களுக்கும் இசைக்கும் உண்மையான விமர்சனம் எழுதிவந்தது. என் மாணவர் அதையும் "நையாண்டிப் பிரிவு" ஆக்கியிருந்தார், பாவம்.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சிக்காரர்களின் மயிர்பிளப்பு என்று நினைப்பவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைப் பார்க்கலாம். பழைய காதல் பாட்டொன்றை ஒரு ராப் குழு கேலியாகத் திருப்பிப் பாடிய வழக்கு அது. தன் கருத்தைச் சொல்வதற்கு மூலத்தைப் போலச் செய்தே தீரவேண்டிய தேவை பேரடிக்கு உண்டு, சட்டையரோ தன் காலிலேயே நிற்கக் கூடியது என்று நீதிபதி சூட்டர் அதில் பிரித்துக் காட்டினார். பிறர் படைப்பிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற காப்புரிமைக் கேள்வி அந்தப் பிரிப்பைப் பொறுத்திருக்கிறது. இரண்டையும் நையாண்டி என்றே மொழிபெயர்த்தால் அந்தத் தீர்ப்பின் அந்த வரி தமிழில் "நையாண்டிக்குத் தேவை உண்டு, நையாண்டிக்குத் தேவை இல்லை" என்றாகும்.

இப்போது போலிக்கு வருகிறேன். அதற்கு வழக்காடுவோரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 'போல்' என்ற உவம உருபிலிருந்து பிறந்த சொல் அது. கிரேக்கர்களின் 'பக்கத்தில் நிற்கும் பாட்டு' என்ற கருத்துக்கு அதைவிட நெருங்கிய தமிழ் வேர் கிடைக்காது. இலக்கணத்தில் நிலம் நிலன் ஆவதும், மயல் மையல் ஆவதும் போலிதான். அங்கே எந்தக் களங்கமும் இல்லை. ஆனால் சொல்லின் வாழ்வு இலக்கண நூலோடு முடிந்துவிடுவதில்லை. இன்று தருமபுரிப் பேருந்து நிலையத்தில் நின்று போலி என்று ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது போலி மருத்துவர், அடுத்தது போலிப் பத்திரம், மூன்றாவது போலிச் சான்றிதழ். மூன்றுக்கும் காவல் நிலையத்தில் வேலை உண்டு. கடைப்போலி என்றால்கூட, பள்ளியை விட்டு வந்தவர்கள் ஏதோ கலப்படக் கடை என்றே நினைப்பார்கள். (போளியோடு குழம்பும் தொல்லை மட்டும் எங்களுக்கு இல்லை, இந்தப் பக்கம் அதற்கு ஒப்பட்டு என்று பெயர்.)

போலி மருத்துவர் தாம் போலி என்பது வெளியே தெரியாத வரைக்கும்தான் பிழைப்பார். பகடி செய்பவரோ தாம் செய்வது பகடி என்பது கேட்பவருக்குத் தெரியாவிட்டால் தோற்றுப்போவார். ஒன்று மறைந்தால் வாழ்வது, மற்றொன்று வெளிப்பட்டால் வாழ்வது. நேர் எதிரான இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைப்பது எந்தத் தெளிவுக்கு உதவும்? வெளிப்படும் கணம் சற்றுத் தள்ளிப்போகலாம் என்பது உண்மை. 2012இல் ஆனியன் வடகொரியத் தலைவரை அவ்வாண்டின் கவர்ச்சிமிகு ஆணாக அறிவித்தபோது, சீனாவின் மக்கள் நாளேட்டின் இணையதளம் அதை மெய்யென்று நம்பி 55 படங்களோடு வெளியிட்டது. அங்கே ஆனியன் போலிச் செய்தி பரப்பியது என்று சொல்வதா, பகடி படிக்கத் தெரியாத ஒருவர் ஏமாந்தார் என்று சொல்வதா?

இந்தக் குழப்பம் ஒருவரைச் சிறைக்கே அனுப்பியிருக்கிறது. ஒகையோ மாநிலத்தின் பார்மா நகரில் ஒருவர் அந்நகரக் காவல்துறையின் முகநூல் பக்கத்தைப் பகடி செய்து 2016இல் ஒரு பக்கம் தொடங்கினார், கைது செய்யப்பட்டார், பிறகு நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. தம்மைக் கைது செய்தவர்கள் மீது அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாயிலுக்குப் போனபோது, 2022 அக்டோபரில் ஆனியன் நிறுவனமே அவருக்கு ஆதரவாக ஒரு மனு அளித்தது. தனக்கு நாள்தோறும் 4.3 லட்சம் கோடி வாசகர்கள் உண்டு என்று தொடங்கிய அந்த மனு, நீதிமன்ற மனுவின் நடையையே பகடி செய்துகொண்டு, வாசகரை முதலில் நம்பவைத்துப் பிறகு தானே கண்டுகொள்ளச் செய்வதில்தான் இக்கலையின் உயிர் இருக்கிறது, நெற்றியில் 'இது பகடி' என்று முன்கூட்டியே ஒட்டினால் அந்த உயிர் போய்விடும் என்று வாதாடியது. மறு ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது என்பது வேறு கதை. அந்த மனிதர் தொடங்கியதைத் தமிழில் "போலிக் காவல்துறைப் பக்கம்" என்று எழுதினால், வாசகர் பாதி வரியிலேயே அவருக்குத் தண்டனை கொடுத்துவிடுவார். எக்ஸ் தளம் 2025 தொடக்கத்தில் இத்தகைய கணக்குகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டத் தொடங்கியதே, மோசடிக் கணக்குகளிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டத்தான்; பிரிப்பதற்காக ஒட்டிய சீட்டை மொழிபெயர்க்கும்போது மறுபடியும் ஒன்றாக்கினால் என்ன சொல்வது!

நையாண்டி நல்ல சொல். நையாண்டி மேளம் என்ற பெயரில் கரகாட்டத்தோடு ஊர் ஊராக நடந்த சொல். அதில் துள்ளலும் கேலியும் இருக்கின்றன. ஒன்றைப் போலச் செய்தல் என்ற பொருள் இல்லை. கேலிக்கும் அதே குறை, அதுவும் வடமொழியில் விளையாட்டு என்று பொருள்பட்ட சொல். கிண்டல், நக்கல், கலாய்ப்பு எல்லாம் திண்ணைக்கும் தேநீர்க்கடைக்கும் உரியவை; அங்கே அவை அழகாகவே இருக்கின்றன.

சட்டையருக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்கவே தேவையில்லை, அங்கதம் இருக்கிறது. தோளில் அணியும் வளைக்கும் அங்கதம் என்று பெயர் உண்டாகையால் சிலர் தயங்குகிறார்கள். எந்தச் செய்தியில் எந்த அங்கதம் என்று தமிழருக்குத் தெரியாதா? தொல்காப்பியச் செய்யுளியல்,

"அங்கதந் தானே அரில்தபத் தெரியின்
செம்பொருள் கரந்த தெனஇரு வகைத்தே"

என்று வெளிப்படையாக வைவதையும் மறைத்து வைவதையும் வகுத்து, மறைத்து மொழிவதற்குப் பழிகரப்பு என்று பெயரும் கொடுத்துவிட்டது. அந்தப் பழிகரப்புக்கு எங்கள் ஊரைவிட்டு வெளியே போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட எங்கள் தருமபுரியை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலங்களைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போன்ற சொற்களால் ஓர் அரசனை அவன் மாளிகையிலேயே குத்தியது அது. அங்கதம் இதுதான், ஆனால் இது பகடி அன்று, ஏனெனில் ஔவையார் எந்த வடிவத்தையும் போலச் செய்து காட்டவில்லை.

பகடிக்குக் கூத்துக்குப் போக வேண்டும். எங்கள் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது இரவெல்லாம் ஆடும் தெருக்கூத்தில், அரசன் திரைக்குப் பின்னிருந்து கம்பீரமாகப் பாடிக்கொண்டு வருவான். கட்டியக்காரன் அதே மெட்டை, அதே இழுப்பை, அதே மீசை முறுக்கலைத் திருப்பிச் செய்வான். மக்கள் சிரிப்பது கட்டியக்காரனைப் பார்த்து அன்று, அவனுக்குள் தெரியும் அரசனைப் பார்த்து. 'லொள்ளு சபா' தொலைக்காட்சியில் திரைப்படங்களைத் திருப்பிச் செய்ததும், 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' நம் நாயகர்களின் அறிமுகக் காட்சிகளைத் திருப்பிச் செய்ததும் இந்தக் கட்டியக்காரன் வழியில்தான். மூலத்தை அறியாதவருக்கு அங்கே சிரிப்பு இல்லை. ஔவையின் குத்து, தொண்டைமானை முன்பின் அறியாத எனக்கும் இன்றுவரை உறைக்கிறது.

பகடி என்ற சொல்லை எதிர்ப்பவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஈழத்தில் பகிடி என்றால் வேடிக்கைப் பேச்சு எல்லாமும் அடங்கும், பல்கலைக்கழகத்துக் கொடுமையைப் பகிடிவதை என்கிறார்கள், ஆகவே சொல் அகன்றது என்பது முதலாவது. அகன்ற சொல்லை ஒரு துறைக்குக் குறுக்கிக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான். தமிழ்நாட்டு எழுத்தில் பகடி ஏறக்குறைய இந்தப் பொருளில் நிலைத்தும்விட்டது. இரண்டாவது, அது தூய தமிழ்தானா என்பது. தெலுங்கில் பகடி வேஷம் என்றும் கன்னடத்தில் ஹகலு வேஷம் என்றும் பகல் நேரத்தில் வேடமிட்டுத் தெருவில் வரும் கலைஞர்களின் கூத்து உண்டு. மூன்று மொழியும் ஒரே சந்தையில் பேசப்படும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் இதைக் கேட்டவுடன் பகடியை அந்தப் பகலோடு சேர்த்துவிடுகிறார்கள். ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. உறவே என்று வைத்துக்கொண்டாலும் பகலும் வேடமும் நமக்கு அயலா? தூய்மை பேசுகிறவன்தான் நானும். ஆயினும் குற்றம் செய்தவன், நகைக்க வைத்தவன் என்ற இருவரையும் ஒரே பெயரால் அழைக்கும் தூய சொல்லைவிட, பிரித்துக் காட்டும் பழகிய சொல் எனக்கு மேலானது.

இவ்வளவையும் தொலைபேசியில் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னேன். மாணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அப்ப ஸ்பூஃபுக்கு?" என்றார். ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற ஆங்கில நகைச்சுவை நடிகர் ஒரு விளையாட்டுக்கு வைத்த பெயர் அது, இன்று பேரடியின் தம்பியாகத்தான் திரிகிறது, அதற்கும் பகடியே போதும் என்றேன். ஆவணப்படம் போலவே எடுக்கப்படும் நகைச்சுவைப் படத்துக்கு அவர் "போலி ஆவணப்படம்" என்று போட்டிருந்ததைப் பகடி ஆவணப்படம் என்று மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திருத்திய கோப்பு வந்தது. போலி எல்லா இடத்திலும் பகடி ஆகியிருந்தது. ஒரே நேரத்தில் தேடி மாற்றியிருக்கிறார் போலும், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் 2022இல் யாரோ தொடங்கி "இன்சுலின் இனி இலவசம்" என்று எழுதிய கணக்கும் பகடிக் கணக்கு ஆகியிருந்தது. அது உண்மையிலேயே போலியா, பகடியா என்று அன்று மாலை மறுபடியும் தொலைபேசியை எடுக்க வேண்டியதாயிற்று.