முதல் தொகையில் கை வைக்காத பணம்: கம்யூனிட்டி ஃபவுண்டேஷனில் நிலைநிதி தொடங்குமுன்

அமெரிக்காவில் தமிழ்ப் பள்ளி, உணவு வங்கி, முதியோர் மையம் என எதை நடத்தினாலும், கணக்கில் கொஞ்சம் மிச்சம் தெரிந்ததும் நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் கேட்பார்: "இதை நிலைநிதியாகப் போட்டு, முதல் தொகையைத் தொடாமல், வருகிற வரும்படியில் காலத்துக்கும் நடத்தலாமே?" பெரும்பாலும் அந்தப் பேச்சு உள்ளூர் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் வாசலில்தான் போய் நிற்கும். ஊருக்குப் பொதுவான அறக்கட்டளை அது. நூற்றுக்கணக்கான குடும்பங்களும் அமைப்புகளும் கொடுத்த நிதிகளை ஒன்றாக முதலீடு செய்து, வரும்படியை அந்த வட்டாரத்துக்கே திருப்பித் தருகிறது. எண்ணம் நல்லதுதான். கணக்குப் போடாமலும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்காமலும் இறங்குவதால்தான் சங்கடம் வருகிறது.

முதலில் கணக்கு. பெரும்பாலான கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்கள் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் வரைதான் எடுத்துக் கொடுக்கும். முதலீடு நீண்டகால சராசரியில் 8 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டரை, மூன்று சதவீதத்தை விலைவாசி தின்றுவிடும். நிர்வாகக் கட்டணம் ஏறத்தாழ 1 சதவீதம் வரை போகும். மிஞ்சுவதைத்தான் செலவழிக்கலாம். அதற்கு மேல் எடுத்தால், காகிதத்தில் முதல் அப்படியே இருக்கும், அதன் வாங்கும் சக்தி மட்டும் கரைந்துகொண்டே போகும்.

4 சதவீதம் என்றால் பெருக்க வேண்டிய எண் 25. ஆண்டுக்கு 1,000 டாலர் வேண்டுமானால் 25 ஆயிரம் டாலர் முதல் வேண்டும். பகுதிநேர ஊழியர் ஒருவரின் 20 ஆயிரம் டாலர் சம்பளத்துக்கு 5 லட்சம். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டியபோது, 60 லட்சம் டாலர் எதற்கு என்று பலர் கேட்டார்கள். 4 சதவீதம் என்று வைத்தால் அது ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். ஒரு பேராசிரியரின் சம்பளமும் அதைச் சுற்றியுள்ள செலவும் என்று பார்த்தால் அந்தத் தொகையின் அளவு புரியும்.

அதனால், ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாத அமைப்பு நிலைநிதியைப் பற்றி யோசிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வோம். வாடகை கொடுக்க வைத்திருந்த 30 ஆயிரத்தை நிலைநிதியில் பூட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அரசு மானியம் தாமதமானதும் 1,200 டாலரை வைத்துக்கொண்டு தவிக்கும் நிலை வேண்டாம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஒரு விளக்குக்கு 96 ஆடு. இடையர் மந்தையைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. அதனால்தான் "சாவா மூவாப் பேராடு" என்றார்கள். பங்குச் சந்தை அப்படி அல்ல. 2008 போன்ற ஓர் ஆண்டில் மந்தையில் கால்வாசிக்கு மேல் காணாமல் போகும். அதற்காகத்தான் ஒரு நாளின் மதிப்பை வைத்துக் கணக்கிடாமல், கடந்த 12 அல்லது 20 காலாண்டுகளின் சராசரியை எடுத்து அதில் சதவீதம் போடுகிறார்கள். எளிமைக்காக மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1 லட்சம், 1 லட்சம், அடுத்து 70 ஆயிரம். சராசரி 90 ஆயிரம், கிடைப்பது 3,600 டாலர். சராசரி இல்லாவிட்டால் 4,000 ஒரேயடியாக 2,800-க்கு இறங்கியிருக்கும். சந்தை மீளும்போது சராசரி மெதுவாகத்தான் ஏறும் என்பதையும் பொருளாளர் பட்ஜெட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒப்பந்தம். இந்த அமைப்புமுறையே உயில் எழுதியவர்களின் நல்லெண்ணம் முட்டுச்சந்தில் நின்றதால் பிறந்தது. செயின்ட் லூயிஸ் நகரின் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851-ல் இறந்தபோது, மேற்கே குடியேறுவதற்காக அந்த ஊர் வழியாகப் போகும் பயணிகளுக்கு உதவ என்று தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்திருந்தார். ரயில் வந்தது, வண்டி கட்டிப் போகிறவர்கள் இல்லாமல் போனார்கள், பணம் தங்கிவிட்டது. செத்தவர் கை பணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த நிலைக்கு வழி தேடித்தான் வங்கியாளர் ஃபிரெடெரிக் காஃப் 1914-ல் கிளீவ்லாந்து ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். கொடுத்தவர் சொன்ன நோக்கம் காலத்துக்கு ஒவ்வாமல் போனால் அதை மாற்றும் அதிகாரத்தை ஃபவுண்டேஷனின் குழுவிடமே கொடுத்தார். இன்று எந்த கம்யூனிட்டி ஃபவுண்டேஷனின் நிதி ஒப்பந்தத்திலும் இந்தப் பிரிவு இருக்கும்.

அதை வைத்து எதையும் மாற்றிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். பெரில் பக் என்ற அம்மையார் 1975-ல் இறந்தபோது கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டிக்காக ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பங்குகளை விட்டுச்சென்றார். பொறுப்பு சான் ஃபிரான்சிஸ்கோ ஃபவுண்டேஷனுடையது. 1979-ல் அந்த எண்ணெய் நிறுவனத்தை ஷெல் வாங்கியதும், சுமார் 1 கோடி டாலராக இருந்தது 26 கோடியாக ஊதியது. மரின் ஏற்கெனவே செல்வந்தர்களின் இடம். பக்கத்து ஏழைப் பகுதிகளுக்கும் செலவழிக்க அனுமதி வேண்டும் என்று ஃபவுண்டேஷன் நீதிமன்றம் போனது. 1986-ல் அது தோற்றது, பொறுப்பிலிருந்து விலகியது. அந்தப் பணத்துக்காகவே மரினில் தனி ஃபவுண்டேஷன் உருவானது. உயிலில் இருந்த ஓர் ஊர்ப்பெயருக்கு அவ்வளவு பலம்.

ஆகவே எழுதும்போதே அகலமாக எழுதுங்கள். "சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கான பாடநூல் அச்சிட" என்று எழுதினால், பாடநூல் டேப்லெட்டுக்கு மாறிய நாளில் சிக்கல். "இந்தக் கவுண்டியில் குழந்தைகளின் தமிழ்க் கல்விக்கு, அந்தப் பள்ளி இல்லாமல் போனால் இதே வட்டாரத்தில் தாய்மொழிக் கல்வி தரும் வேறு அமைப்புக்கு, அதுவும் இல்லையென்றால் குழந்தைகள் கல்விக்கு" என்று மூன்று படி வைத்து எழுதினால் எந்தக் குழுவும் திண்டாடாது. பழைய, சிறிய, காலாவதியான நிபந்தனை உள்ள நிதிக்கும் வழி உண்டு. 2006-ல் மாதிரியாக வரையப்பட்டு, பென்சில்வேனியா தவிர ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்ற நிலைநிதிச் சட்டத்தின்படி, 20 ஆண்டைக் கடந்த சிறு நிதியின் நிபந்தனையை, மாநில அட்டர்னி ஜெனரலுக்குத் தெரிவித்து 60 நாள் காத்திருந்து மாற்றலாம். எது சிறு நிதி என்ற வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாதிரிச் சட்டத்தில் அது 25 ஆயிரம் டாலர்.

ஓர் அமைப்பு தன் பணத்தைத் தனக்காகவே அங்கே நிலைநிதியாக வைப்பதை ஏஜென்சி ஃபண்ட் என்பார்கள். இங்கே பொருளாளர்கள் தொடர்ந்து இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, அது வங்கி வைப்பு அல்ல. சட்டப்படி பணம் ஃபவுண்டேஷனுடையதாகிவிடுகிறது. முதலை எடுக்க வழி உண்டா, எத்தனை பேர் வாக்களித்தால் என்பதை கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். இன்னொன்று கணக்கேடு. உங்கள் அமைப்பே போட்ட பணம் உங்கள் சொத்துப் பட்டியலில் தொடர வேண்டும். அதே நிதிக்கு வெளியாள் ஒருவர் ஃபவுண்டேஷனிடம் நேரடியாகக் கொடுத்து, மாற்றும் அதிகாரமும் ஃபவுண்டேஷனிடம் இருந்தால், அந்தத் தொகை உங்கள் ஏட்டில் வராது. ஒரே நிதி, ஒரே அறிக்கை, இரண்டு விதக் கணக்கு. ஆண்டறிக்கையில் இரண்டையும் கூட்டிப் போட்டுவிட்டுத் தணிக்கையாளரிடம் மாட்டுபவர்கள் அதிகம்.

உள்ளூர் அமைப்புகளுக்கு உண்மையில் கைகொடுப்பது நிபந்தனையில்லாத பொது நிதிதான். இந்த ஆண்டு வெள்ளமா, வீட்டு வாடகை உயர்வா, எது அவசரமோ அதற்குக் கொடுக்க ஃபவுண்டேஷனிடம் இருக்கும் ஒரே கை அது. அதைச் சேர்ப்பதுதான் கடினம், ஏனெனில் கொடுப்பவர்கள் தங்கள் பெயரும் நோக்கமும் பதிய விரும்புகிறார்கள். 1931-ல் நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்ட்டில் தொடங்கிய, கொடையாளரே யாருக்கு என்று பரிந்துரைக்கும் நிதிகள் இன்று பெருகியிருக்கின்றன. ஆண்டுக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அவற்றுக்கு இல்லை. கொடையாளரை மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசாவிட்டால் பணம் அங்கேயே தூங்கும்.

நிலைநிதி வளர்வது பெரும்பாலும் இறந்தபின் வரும் கொடையால். அதற்கு உயிலையே திருத்த வேண்டியதில்லை. ஓய்வூதியக் கணக்கின் பயனாளர் படிவத்தில் ஃபவுண்டேஷனின் பெயரையும் நிதியின் பெயரையும் சேர்த்தால் போதும். எழுபதரை வயது நிரம்பியவர்கள் ஐஆர்ஏ எனும் தனிநபர் ஓய்வூதியக் கணக்கிலிருந்து நேராக அனுப்பலாம். 2025-க்கு வரம்பு 1 லட்சத்து 8 ஆயிரம் டாலர். அது கொடையாளர் பரிந்துரை நிதிக்குப் போகக் கூடாது, குறிப்பிட்ட அமைப்புக்கான நிதிக்குப் போகலாம்.

ஐடி துறையில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தவறு பங்கை விற்றுவிட்டுப் பணமாகக் கொடுப்பது. 20 ஆயிரத்துக்கு வாங்கியது 1 லட்சமாகியிருந்தால், விற்றதும் 80 ஆயிரம் லாபத்தின் மேல் 15 சதவீதம், அதாவது 12 ஆயிரம் வரியாகப் போகும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை அப்படியே மாற்றினால் முழு 1 லட்சமும் நிதிக்கு வரும், வரிக் கழிவும் சந்தை மதிப்புக்கே கிடைக்கும். ஆனால் தரகு நிறுவனத்திலிருந்து பங்கு போய்ச் சேரும்போது அனுப்பியவர் பெயர் கூடவே போவதில்லை. எந்த நிறுவனத்தின் பங்கு, எத்தனை, எந்த நிதிக்கு என்று ஃபவுண்டேஷனுக்கு அதே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் யாருடையது என்று தெரியாமல் வந்து கிடக்கும் பங்குகள் இப்படித்தான் சேர்கின்றன. அந்த ஆண்டு வரிக் கழிவுக்குப் பங்கு டிசம்பர் 31-க்குள் அவர்கள் கணக்கில் விழுந்திருக்க வேண்டும் என்பதால், டிசம்பர் முதல் வாரத்திலேயே தரகரிடம் மாற்றுப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.