கூட்டுவதற்கு முன்னால் பிரித்துவிடுங்கள்: டிரம் ஒலிகளும் தனித்தனி டிராக்குகளும்

கணினியில் இசையமைக்கும்போது, ஸ்நேர் என்ற சிறிய டிரம்முக்குக் கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலிப்பு எஃபெக்ட்) வேண்டும் என்று, எல்லா டிரம் ஒலிகளும் இருக்கும் டிராக்கில் ஒன்றைப் போட்டேன். ஸ்நேர் பெரிய மண்டபத்தில் அடித்த மாதிரி அழகாக விரிந்தது. ஆனால் கிக்கும், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும், அதே மண்டபத்துக்குள் போய்விட்டது. ‘தும்’ என்று நறுக்காக விழ வேண்டிய அடி ‘தும்ம்ம்’ என்று இழுத்து, பேஸ் கிட்டாரை மூடிவிட்டது.

ஏன் இப்படி? டிரம் பிளக்-இன்னுக்கு, அதாவது டிரம் ஒலிகளை எழுப்பும் துணை மென்பொருளுக்கு, முதலில் போவது ஒலி அல்ல, மிடி குறிப்புகள்: இந்த எண்ணை இவ்வளவு வேகத்தில் அடி என்ற கட்டளை. 1991இல் வந்த ஜெனரல் மிடி முறைப்படி 36 என்றால் கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட் (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு). இதுவரை எல்லாம் தனித்தனிதான். பிளக்-இன் ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய ஒலியை எழுப்புகிறது. கணினிக்குள் அந்த ஒலியும் எண்களின் வரிசைதான்; நொடிக்கு 44,100 என்பது வழக்கமான கணக்கு. எல்லா ஒலியும் ஒரே ஸ்டீரியோ வழியில் வெளியேற வேண்டுமென்றால், அந்தந்தக் கணத்தின் எண்களைக் கூட்டியாக வேண்டும். கிக் 0.5, ஸ்நேர் 0.2 என்றால் வெளியே வருவது 0.7.

அந்த 0.7ஐக் கையில் வைத்துக்கொண்டு கிக் எவ்வளவு, ஸ்நேர் எவ்வளவு என்று சொல்ல முடியாது. 0.4ம் 0.3ம் சேர்ந்தாலும் 0.7தானே? கலந்த ஒலியைப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் இப்போது உண்டு. ஆனால் அவை செய்வது தேர்ந்த ஊகம். கூட்டலுக்கு முன்பே ஒலிகளை வேறு வேறு வழியில் அனுப்பிவிட்டால் ஊகமே வேண்டாம்.

கருவி செய்தவர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் இயந்திரத்தின் பின்புறம் கிக், ஸ்நேர் போன்றவற்றுக்குத் தனித்தனி ஜாக் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வயரைச் செருகி மிக்ஸரின் தனித்தனி சேனலுக்குக் கொண்டுபோவார்கள். இன்றைய ‘மல்டி அவுட்’ பிளக்-இன்கள் அந்த ஜாக்குகளைத்தான் திரைக்குள் கொண்டுவந்திருக்கின்றன: கிக்கை 1-2 வழியில், ஸ்நேரை 3-4 வழியில், ஹை-ஹேட்டை 5-6 வழியில் (இடது, வலது என இரண்டிரண்டாக) அனுப்பி, ஒவ்வொரு வழியையும் ஒரு டிராக்கில் வாங்கிக்கொள்கிறோம். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் டிரம் ரேக்கில் ஒவ்வொரு பேடுக்கும் (ஒலி வைக்கும் கட்டத்துக்கும்) சொந்த வழியே இருப்பதால் எஃபெக்டை நேராக அதிலேயே போட்டுவிடலாம்.

பிரிப்பதன் பலன் ரிவெர்ப்பை விடக் கம்ப்ரசரில்தான் நன்றாகத் தெரியும். ரிவெர்ப் எல்லா ஒலிக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும். கம்ப்ரசர் அப்படியல்ல, மொத்தச் சத்தம் எல்லையைத் தாண்டினால் மொத்தத்தையும் அமுக்கும். கிக் பலமாக விழும்போதெல்லாம் கூடவே ஹை-ஹேட்டும் பம்மிப் பம்மி எழும். அதை வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. நடன இசையில் அது அழகுதான். ஆனால் அதை நாம் தேர்ந்து செய்ய வேண்டும். தனி டிராக் இருந்தால்தான் அந்தத் தேர்வு நம் கையில் இருக்கும்.

சிலர் அதே பிளக்-இன்னை மூன்று டிராக்கில் திறந்து, மிடியைப் பிரித்துப் போடுவார்கள். அதிலும் ஒலி பிரியும். ஆனால் மூடிய ஹை-ஹேட் அடித்ததும் திறந்த ஹை-ஹேட் சட்டென அடங்குகிறதே, அந்த ஏற்பாடு பிளக்-இன்னுக்குள் நடப்பது. இரண்டும் வேறு வேறு பிரதிகளில் இருந்தால் ஒன்று அடித்தது மற்றதற்குத் தெரியாது; திறந்த ஹை-ஹேட் தன் போக்கில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரே பிளக்-இன், பல வெளியீடு என்பதே என் வழி.

சரி, பிரித்தாயிற்று; ஆனால் கிக் திடீரென்று பெரிதாகக் கேட்கிறதா? அப்படியானால் அது புது டிராக்குக்கும் போகிறது, பழைய பொது வழியிலும் போகிறது. ஒரே எண் இருமுறை கூடினால் இருமடங்கு, அதாவது 6 டெசிபல் ஏற்றம். இரண்டில் ஒன்று 1 மில்லிவிநாடி பிந்தினாலோ 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ் என்று இடையிடையே ஒலி ஒன்றையொன்று அழித்து, அடி வெறுமையாகக் கேட்கும். புது டிராக்கை மியூட் செய்து பாருங்கள். அப்புறமும் கிக் கேட்டால், பொது வழி இன்னும் திறந்திருக்கிறது.