ஓவர்மோல்டிங்: தமிழில் மேல்வார்ப்பு

பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உள்ளே கெட்டி பிளாஸ்டிக், கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ரப்பர் மாதிரி மெத்தென்று இன்னொன்று. நடுவில் பசை கிடையாது. கெட்டிப் பகுதியை முதலில் செய்து, அதை இன்னோர் அச்சுக்குள் வைத்து, மேலே இரண்டாவது பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்துகிறார்கள். இதுதான் ஓவர்மோல்டிங்.

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் இந்தச் சொல்லை எடுத்தேன். "ரெண்டு தடவை அடிக்கிறதுதானே சார்" என்றார் மிஷினருகே நின்றவர். அங்கே அச்சு என்றால் டை, வார்ப்பது என்றால் அடிப்பது. ஒரே மிஷினில் இரண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி, அச்சைத் திருப்பி அடுத்தடுத்து அடித்தால் டூ ஷாட். பித்தளைப் பின்னை டைக்குள் வைத்துச் சுற்றிலும் அடித்து பிளக் செய்வது இன்சர்ட் மோல்டிங்.

மோல்டு என்பதன் வேர் லத்தீனின் மோடுலஸ். 'சிறிய அளவு' என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மாடல் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். பூஞ்சையைக் குறிக்கும் மோல்டுக்கும் இதற்கும் எழுத்தொற்றுமை தவிர உறவில்லை.

இன்ஜெக்‌ஷனில்தான் தமிழ் இடறுகிறது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் முறைக்கு ஆங்கிலத்தில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்று பெயர். இன்ஜெக்‌ஷன் என்றால் லத்தீனில் 'உள்ளே எறிதல்'. மருத்துவமனையில் 'ஊசி போட்டார்கள்' என்கிறோம்; கருவியின் பெயர் செயலுக்கு ஆகிவந்தது, சரி. அதற்காக பிளாஸ்டிக் வேலையை 'ஊசி வார்ப்பு' என்று எழுதுவதா? அங்கே ஊசியே கிடையாதே! 1872இல் ஹயாட் சகோதரர்கள் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் இயந்திரம், நம் முறுக்கு நாழி போலத் தண்டால் செல்லுலாய்டு என்ற அந்தக்கால பிளாஸ்டிக்கை அழுத்தித் தள்ளியது. இன்றைய மிஷின்களில் அந்தத் தண்டின் இடத்தில் பெரிய திருகு. எனவே 'உட்செலுத்து வார்ப்பு' என்பதே பொருந்தும். வார்த்தல் நமக்குப் புதிதல்ல. தோசை வார்க்கிறோம், ஐம்பொன் சிலை வார்க்கிறோம். அவை ஊற்றுவது, இது அழுத்திச் செலுத்துவது. அந்த வேறுபாட்டைத்தான் 'உட்செலுத்து' சுமக்கிறது.

ஓவர்மோல்டிங்குக்கு மேல்வார்ப்பு என்பேன். பல பிளாஸ்டிக் சேரும் எல்லா முறைகளுக்கும் பொதுவாகப் பல்பொருள் வார்ப்பு எனலாம். அங்காடி நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை. கலப்பு வார்ப்பு மட்டும் வேண்டாம். இங்கே எதுவும் எதோடும் கலப்பதில்லை, ஒட்டித்தான் நிற்கிறது.

அந்த ஒட்டுதலும் எல்லா ஜோடிக்கும் அமையாது. ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் மேல் டிபியு என்ற மென்பிளாஸ்டிக் நன்றாகப் பிடிக்கும். அதே டிபியு, பாலிபுரொப்பிலீன் என்ற இன்னொரு கெட்டி பிளாஸ்டிக் மேல் உரிந்து வந்துவிடும். பாலிபுரொப்பிலீனுக்கு எஸ்இபிஎஸ் வகை மென்பிளாஸ்டிக்தான் தோது. பிடிக்காத ஜோடியைத்தான் சேர்த்தாக வேண்டும் என்றால், வடிவமைப்பவர் முதல் பாகத்திலேயே துளைகளும் பள்ளங்களும் விடுவார். இரண்டாவது பிளாஸ்டிக் அவற்றுக்குள் ஓடி, இறுகி, பூட்டிக்கொள்ளும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் அச்சு சரியாக அடைபடாவிட்டால் பிசிறு கிளம்பும். அப்புறம் ஒவ்வொன்றையும் கத்தியால் சீவ வேண்டியதுதான்.

பட்டறைக்காரரிடம் ஒரு தாளில் 'மேல்வார்ப்பு' என்று எழுதிக் காட்டினேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"மேலடின்னு வெச்சுக்கலாமே சார், இன்னும் சின்னதா இருக்கு."