"யோசிக்கலாம்" என்று தூதரகம் சொன்னால் டிக்கெட் போட்டுவிடுங்கள்

கோபி, பெருந்துறை, நாமக்கல் பக்கமிருந்து வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளும் வளைகுடாவில் வண்டி ஓட்டுபவர்களும் ஏராளம். அங்கே சண்டை மூண்டதும் வீட்டார் கேட்பது, "எம்பசி என்னங்க பண்ணுது?"

தூதர் அந்த நாட்டில் விருந்தாளி. தன் நாட்டவரின் நலனைக் காப்பது 1961 வியன்னா உடன்படிக்கைப்படி அவர் கடமைதான். ஆனால் கையில் படை கிடையாது. சண்டையிடும் தரப்புகளிடம் பேசிச் சில மணி நேரம் வழி வாங்குவார், பக்கத்து நாட்டு எல்லையைத் திறக்கச் சொல்வார், பஸ் பிடிப்பார். 2023 ஏப்ரலில் சூடானில் அப்படித்தான் நடந்தது: கார்ட்டூமிலிருந்து போர்ட் சூடானுக்குச் சுமார் 850 கி.மீ. பஸ், அங்கிருந்து ஜெட்டாவுக்குக் கப்பல் அல்லது விமானப்படை விமானம், பிறகு ஊர்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இதற்கு முன்னால், அறிவிப்பைப் படிக்கும் இடத்தில். 2022 பிப்ரவரி 15 அன்று உக்ரைன் தலைநகர் கீவில் இருந்த நம் தூதரகம் சொன்னது இவ்வளவுதான்: தங்குவது அவசியமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம். 24ஆம் தேதி ரஷ்யா படையெடுத்துப் போர் தொடங்கி வான்வழி அடைபட்டது. இடையில் 9 நாள். "ஓடி வாருங்கள்" என்று தூதர் எழுதினால் அந்த நாட்டு அரசு முகம் சுளிக்கும், பீதியும் கிளம்பும். அதனால் தூதரகத்தின் "யோசிக்கலாம்" நம்மூர்ப் பேச்சில் "கிளம்பு". இங்கிருந்து, "லீவு போட்டா வருசம் போயிருமே கண்ணு" என்று சொல்லாதீர்கள். மார்ச் 2 அன்று உக்ரைனின் கார்கிவ் நகரில் இருந்தவர்களுக்கு வந்த உத்தரவு, வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது மாலை 6 மணிக்குள் பக்கத்து ஊர்களுக்குப் போய்விடுங்கள் என்பது.

போய் இறங்கிய வாரமே தூதரகத்தின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ஏஜென்ட் நம்பரையோ, அங்கே எடுக்காத இந்திய சிம் நம்பரையோ கொடுத்தால் பஸ் புறப்படும்போது யாரையும் பிடிக்க முடியாது. அறை மாறினால் முகவரியையும் மாற்றுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் இனிஷியல் பழக்கத்தால் ஒரே ஆள் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவதுண்டு.

பாஸ்போர்ட் முதலாளி கையில் சிக்கியிருந்தால், இந்தியா திரும்ப மட்டும் செல்லும் எமர்ஜென்சி சர்டிபிகேட்டைத் தூதரகம் தரும். இந்தியர் என்று நிரூபிக்கப் பாஸ்போர்ட் நகல் கைகொடுக்கும்; ஒரு பிரதி வீட்டு பீரோவில் இருக்கட்டும். வெளியேறும் அனுமதி கேட்கும் நாடுகளில் இந்தச் சர்டிபிகேட் மட்டும் போதாது, அந்த அனுமதிக்கும் தூதரகத்தையே கேளுங்கள்.

தூதரகமே இடம் மாறலாம். கீவ் தூதரகம் 2022 மார்ச்சில் போலந்தின் வார்சாவுக்குப் போய் மே 17 அன்றுதான் திரும்பியது. பழைய நம்பர் அடிக்காவிட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. தூதரகத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் புது நம்பரைத் தேடுங்கள்.

ஊரில் குடும்பத்துக்கு ஒருவர் மட்டும் பேசுங்கள். அயலகத் தமிழர் நலத்துறைக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் பாஸ்போர்ட் எண்ணோடு விவரம் கொடுங்கள். பிள்ளை அனுப்பும் பதுங்குமிட வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். மீட்பு விமானத்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பத்து பைசா தராதீர்கள். 2022இல் உக்ரைனிலிருந்து மீட்ட ஆபரேஷன் கங்காவில் பயணச் செலவு அரசுடையது. 2020 கொரோனா காலத்து வந்தே பாரத் விமானங்களுக்குப் பயணிகளே கட்டணம் கட்டினார்கள். எது எப்படி என்பது அந்தந்த அறிவிப்பிலேயே இருக்கும்.