போர் அடிக்குதுன்னு வர்றவங்ககிட்ட நான் கேக்குற முதல் கேள்வி

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா எதுலயுமே மனசு ஒட்டல." கவுன்சிலிங்குக்கு வர்றவங்க வாயில இருந்து இத எத்தனையோ தடவ கேட்டுட்டேன். காலேஜ் பசங்க சொல்லியிருக்காங்க, நல்ல வேலைல இருக்கிறவங்க சொல்லியிருக்காங்க, ரிட்டயர் ஆனவங்க சொல்லியிருக்காங்க.

நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான். கடைசியா எப்போ ஒரு விஷயம் வராம திணறுனீங்க? முக்காவாசிப் பேர் முழிப்பாங்க. யோசிச்சுப் பாத்தா வருஷக்கணக்குல எதுலயும் திணறியிருக்க மாட்டாங்க, தெரிஞ்ச வேலை, தெரிஞ்ச வழி, கை தானா செஞ்சுட்டு இருக்கும், மனசு பாட்டுக்கு சும்மா உக்காந்திருக்கும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். போர் அடிக்கிறது வேற, டிப்ரஷன் வேற. போர் அடிக்கிறவருக்கு ஏதோ ஒண்ணு வேணும்னு உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும், அது என்னன்னு மட்டும் பிடிபடாது. டிப்ரஷன்ல அந்த ஆசையே வத்திப் போயிருக்கும். முன்னாடி பிடிச்சது எதுவுமே பிடிக்கல, தூக்கம் சரியில்ல, சாப்பாடு இறங்கல, இது ரெண்டு வாரத்துக்கு மேல போகுதுன்னா ஹாபி தேடிட்டு இருக்காதீங்க, டாக்டரப் பாருங்க.

சும்மா உக்காந்திருக்கிறது நமக்கு எவ்வளவு கஷ்டம்னு காட்டுற ஆராய்ச்சி ஒண்ணு 2014ல சயன்ஸ் இதழ்ல வந்துச்சு, வெர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணது. ஒரு ரூம்ல 15 நிமிஷம் தனியா உக்கார வச்சாங்க, பக்கத்துல ஒரு பட்டன், அமுக்குனா லேசா ஷாக் அடிக்கும். முன்னாடியே அந்த ஷாக்க வாங்கிப் பாத்துட்டு, ஐயோ காசு குடுத்தாவது இத தவிர்த்துடுவேன்னு சொன்னவங்கதான் எல்லாரும். அப்படியும் ஆம்பளைங்க 18 பேர்ல 12 பேரும் பொம்பளைங்க 24 பேர்ல 6 பேரும் அமுக்கிட்டாங்க. ஒருத்தர் 190 தடவ! (சிரிப்புதான் வருது, ஆனா பாத்ரூமுக்கும் போன எடுத்துட்டுப் போற நாம சிரிக்கலாமான்னு தெரியல.)

இப்போ அந்த பட்டன் நம்ம கைலயே இருக்கு, போன்தான். போர் போகணும்னு ரீல்ஸ தள்ளிக்கிட்டே இருக்கோம்ல, டொரோண்டோ பல்கலைக்கழகத்துல இருந்து 2024ல வந்த ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, வீடியோவ மாத்தி மாத்திப் பாத்தவங்களுக்குத்தான், ஒரே வீடியோவ உக்காந்து பாத்தவங்கள விட, அதிகமா போர் அடிச்சிருக்கு. தாகத்துக்கு உப்புத்தண்ணி குடிக்கிற கதைதான்.

சரி, அப்போ என்ன பண்றது? மிஹாய் சிக்சென்ட்மிஹாய்னு ஒரு உளவியலாளர் 1970கள்ல மலை ஏறுறவங்க, செஸ் ஆடுறவங்க, டான்ஸர்கள், சர்ஜன்கள்னு நிறைய பேர்கிட்ட பேசிப் பாத்தார். இவங்க நேரம் போறதே தெரியாம மூழ்கிப் போற நிலைக்கு ஃப்ளோன்னு பேர் வச்சார். நம்ம திறமைய விட வேலை ரொம்ப லேசா இருந்தா போர், ரொம்ப கஷ்டமா இருந்தா பதட்டம், கொஞ்சம் எக்கிப் பிடிக்கிற உயரத்துல இருந்தாத்தான் மனசு அதுல போய் உக்காரும். நம்மாளுங்க ஹாபின்னு ஆரம்பிச்சு விட்டுடுறது இங்கதான், ஒண்ணு ரொம்ப லேசானத எடுக்குறாங்க இல்லன்னா முதல் நாளே கச்சேரி பண்ணப் பாக்குறாங்க.

நானே அப்படித்தான் கெட்டேன். புல்லாங்குழல் வாங்கி மூணு வாரம் ஊதினேன், வெறும் காத்துதான் வந்துச்சு, அலமாரில போட்டுட்டேன். அப்புறம் பாட்டு கீட்டெல்லாம் மறந்துட்டு, ஒரே ஒரு ஸ்வரம், அது உடையாம பத்து விநாடி நிக்கணும், அவ்வளவுதான்னு இலக்க சின்னதாக்கிட்டு எடுத்தப்போதான் கை தானா குழலத் தேட ஆரம்பிச்சுச்சு. இன்னும் சுமாராத்தான் வாசிக்கிறேன், அது வேற விஷயம்.

ஆனா சவால் மட்டும் போதாதுன்னு எனக்குக் கத்துக் குடுத்தது ஒரு ரிட்டயர்டு அக்கவுண்டன்ட். (அடையாளம் தெரியாதபடி சிலத மாத்தியிருக்கேன்.) சுடோகு, செஸ் ஆப் எல்லாம் போட்டுப் பாத்துட்டார், பத்து நாள் தாங்கல. "ஜெயிச்சா மட்டும் யாருக்கு என்ன மேடம்?"னு கேட்டார். நியாயமான கேள்வி. முப்பது வருஷமா அவர் கணக்கு முடிக்கலன்னா இன்னொருத்தர் வேலை நின்னுடும், இப்போ அவருக்காக எதுவுமே நிக்கல. விக்டர் ஃப்ராங்கல்னு ஒரு மனநல மருத்துவர் இதத்தான் ஞாயித்துக்கிழமை நோய்னு சொன்னார், வாரம் பூரா ஓடிட்டு லீவு நாள்ல நின்னதும் உள்ள இருக்கிற வெறுமை தெரியுறது. இவருக்கு ஏழு நாளும் ஞாயித்துக்கிழமை.

பார்வை இல்லாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் வாசிச்சு ரெக்கார்டு பண்ணித் தர்ற வேலைய சொன்னேன். வாசிக்கிறதுல என்ன இருக்குன்னு அசால்ட்டா போனவர், அட்டவணை வந்ததும் மாட்டிக்கிட்டார். இடமிருந்து வலமா வாசிக்கிறதா, மேலருந்து கீழயா? அடைப்புக்குறி எங்க முடியுதுன்னு எப்படி சொல்றது? ஒரு பக்கத்த நாலு தடவ ரெக்கார்டு பண்ணினாராம்.

போன மாசம் அவர் வரவேண்டிய நாள்ல ஃபோன்தான் வந்துச்சு. "இன்னைக்கு வர முடியாது மேடம், நான் வாசிச்சுக் குடுக்குற பையனுக்கு அடுத்த வாரம் பரீட்சை, ரெண்டு பாடம் பாக்கி இருக்கு. ஆமா, ஒரு கிராஃப வாயால எப்படி மேடம் சொல்றது?"

எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் அரை மணி நேரம் அதையே பேசிட்டு இருந்தோம்.