பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

ஒரு பைக்குக்கு ஒரே வருடத்தில் மூன்றாவது பேட்டரி. அதுவும் இந்த முறை "கொஞ்சம் பெருசாவே போட்ருங்கண்ணே" என்று கேட்டு மாட்டியது. எஞ்சினுக்குள் கரண்டை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் மஞ்சள் வயர்களின் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் சொருகி) கருகி, பிளாஸ்டிக் உருகி ஒட்டிக் கிடந்தது. மூன்று முறையும் அதை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. மதுரையில் செல்ஃப் எடுக்காத வண்டிக்கெல்லாம் முதல் தீர்ப்பே "பேட்டரி போச்சு" என்பதுதான். இதை நிறுத்துங்கள்.

பேட்டரி கரண்டை உண்டாக்குவதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. மாடியில் 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 1000 லிட்டர் தொட்டி வைத்தால் போர் மோட்டார் கூடுதலாகத் தண்ணீர் இறைக்குமா? 9 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி இருந்த இடத்தில் 14 போட்டாலும் அதே கதைதான். தொட்டி காலியாகக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

இறைக்கிற அளவைப் பாருங்கள். 200 வாட் காயில் என்றால் அது 5000 ஆர்பிஎம்-மில். ஐட்லிங்கில் பாதிகூட வராது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது. அது போக, கொடைக்கானல் போவதற்கென்று 40 வாட் ஃபாக் லைட் இரண்டு மாட்டினால் 80 வாட், கிட்டத்தட்ட ஆறரை ஆம்பியர். அந்த லைட்டைப் போட்டுக்கொண்டு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கோரிப்பாளையத்தில் அரை மணி நேரம் நின்றால், பேட்டரியிலிருந்து எடுத்துத்தான் செலவழிக்கிறீர்கள்.

எதையும் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் வெளியே சார்ஜ் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அளவீடெல்லாம் பொய். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஹெட்லைட் எரிய, 5000 ஆர்பிஎம்-மில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். காலைக் குளிர்ச்சியில் பார்த்து "சரியா இருக்கு" என்று அனுப்பாதீர்கள், காயிலின் ஏசி-யை டிசி ஆக்கி வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் படுப்பது சூட்டில்தான். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. 13.8-க்குக் குறைந்தால் கப்ளரைப் பிரித்து, எஞ்சினை ஓடவிட்டு, மூன்று மஞ்சள் வயரையும் இரண்டிரண்டாக ஏசி-யில் அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, எந்த மஞ்சள் வயருக்கும் பாடிக்கும் தொடர்பு இல்லை என்பதையும் பாருங்கள். இரண்டிலும் தேறினால் காயில் நல்லது. கோளாறு ரெகுலேட்டரிலோ வயரிங்கிலோ இருக்கிறது.

ஓடுகிற வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி "சார்ஜ் ஆகுதா" என்று பார்ப்பவர்களுக்கு: அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவைக் கொன்றுவிடலாம். செய்யவே செய்யாதீர்கள்.

இனி மேம்படுத்துவது. பழைய ஷன்ட் வகை ரெகுலேட்டர், தேவைக்கு மேல் வரும் கரண்டை ஷார்ட் செய்து காயிலுக்கே திருப்பி விடுகிறது. எல்இடி மாற்றி லோடைக் குறைத்தாலும் காயிலுக்கு ஓய்வில்லை, ரெகுலேட்டருக்குச் சூடு இன்னும் கூடும். சீரிஸ் வகை, தேவையில்லாதபோது காயிலைத் துண்டித்துவிடும். நம் வெயிலுக்கு அதுதான் ஏற்றது. ஷிண்டெங்கெனின் எஸ்எச்847 அந்த வகை, 50 ஆம்பியர். போலி நிறைய வருகிறது, அடிமாட்டு விலையென்றால் வாங்காதீர்கள். காயிலின் ஒரு முனை எர்த்தில் இருக்கும் பழைய சிறிய வண்டிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. அவற்றில் மேலே சொன்ன பாடி சோதனையும் செல்லாது.

ரெகுலேட்டரைக் காற்று படும் இடத்தில், சைலன்சரை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். அதன் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் நேராக பேட்டரிக்குக் கொண்டுவாருங்கள். பாசிட்டிவில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ். கருகிய கப்ளரை வயரோடு வெட்டி எறிந்து புதிதாகப் போடுங்கள், முறுக்கி டேப் சுற்றாதீர்கள். லித்தியம் பேட்டரி ஆசை இருந்தால், சார்ஜிங் 14.6-ஐத் தாண்டவில்லை என்று உறுதி செய்த பிறகு வாங்குங்கள்.

காயில் கட்டக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 200 டிகிரி தாங்கும் எனாமல் வயர்தானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஃபேன் கட்டும் வயர் சூடான எஞ்சின் ஆயிலில் நிற்காது. ரெகுலேட்டரைச் சோதிக்காமல் புதுக் காயிலை உள்ளே வைக்கவும் வேண்டாம். உள்ளே ஷார்ட் ஆன ரெகுலேட்டர் அதையும் எரித்துவிடும்.