நூறில் மூன்று

விழுங்கிய மாத்திரை நேராக வலிக்கிற இடத்துக்குப் போவதில்லை. குடலில் கரைந்து, குடல் சுவரைத் தாண்டி, முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. சுங்கச்சாவடி மாதிரி அங்கே ஒரு பங்கு கழியும். கல்லீரலின் என்சைம்கள் சிதைத்தது போக மிச்சம்தான் இதயத்தை அடைந்து, ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும்.

இந்தப் பயணத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க, உடலைத் தொட்டிகளாகப் பிரிக்கிறார்கள். கல்லீரல், சிறுநீரகம், மூளை, தசை, கொழுப்பு என்று ஆளுக்கொரு தொட்டி. இடையே ரத்தக் குழாய்கள். ஓய்வாக இருப்பவரின் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போல கல்லீரல் வழியாகப் போகிறது. ஒரு தொட்டிக்குள் வந்த மருந்து எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு, உள்ளேயே அழிந்தது எவ்வளவு? வெறும் வரவு செலவுக் கணக்குதான். ஆனால் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே சமயத்தில், நொடிக்கு நொடி போட்டாக வேண்டும். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி டார்ஸ்டன் டியோரெல் 1937-லேயே இந்த மாதிரிச் சமன்பாடுகளை எழுதிவிட்டார். கையால் போட்டு முடிக்கிற கணக்கா அது?

ரத்தப் புற்றுநோய் மருந்தான இப்ருடினிப்பை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் 100 மில்லிகிராம் விழுங்கினால் சுமார் 3 மில்லிகிராம்தான் சிதையாமல் ரத்த ஓட்டத்தில் சேரும். மீதியில் பெரும்பகுதியைக் குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் சிப்3ஏ என்ற என்சைம் தீர்த்துவிடுகிறது. சரி, அந்த என்சைமையே இன்னொரு மருந்து மடக்கிப் போட்டால்? 18 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு, அப்படி மடக்குகிற பூஞ்சை மருந்தான கீட்டோகொனசோலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் சந்திக்கும் இப்ருடினிப்பின் மொத்த அளவு 24 மடங்கு ஏறியது.

எரித்ரோமைசின், டில்டியாசெம் போன்றவையும் சிப்3ஏயைத் தடுப்பவைதான், ஆனால் இவ்வளவு மூர்க்கமாக அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஆள் சேர்த்துச் சோதிப்பதற்குப் பதிலாக, மனிதர்களிடம் அளந்த எண்களோடு ஒத்துப்போன கணினி உடலில் இந்த இரண்டையும் விட்டுப் பார்த்தார்கள். 6 முதல் 9 மடங்கு என்று விடை வந்தது. 2013-ல் இப்ருடினிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அந்த எண் மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே ஏறியது. அந்தக் குறிப்பின்படி, வழக்கமாக 560 மில்லிகிராம் எடுத்தவர், இப்படி ஒரு மருந்தும் சேர்ந்தால் 140-க்கு இறங்க வேண்டியிருந்தது. ஆளுக்குக் கொடுக்காமலே ஒரு டோஸை முடிவு செய்திருக்கிறார்கள். யோசித்தால் கொஞ்சம் துணிச்சல்தான்.

ஒரே ஒரு கணினி உடல் போதாது. வயது, எடை, என்சைமின் அளவு எல்லாவற்றையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான ஆட்களை உருவாக்கி ஓட்டுவார்கள். இதில் சிக்கலான ஆள் பச்சைக் குழந்தை. காபியில் உள்ள காஃபீன் பெரியவர் உடம்பில் பாதியாகக் குறைய 5 மணி நேரம் போல ஆகும். பிறந்த குழந்தைக்கு மூன்று நாளுக்கும் மேல். அதைச் சிதைக்கும் என்சைம் இன்னும் முளைக்கவே இல்லை. அதனால் தொட்டிகளை எடைக்குத் தக்கபடி சின்னதாக்கினால் மட்டும் கணக்கு சரியாக வராது. குழந்தை வளர வளர, என்சைமின் அளவையும் வாரா வாரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.